எல்க் வேட்டைக்கு முன் டிரெயில் கேமரா: நண்பகலில் வராத மானுக்காகக் காத்திருந்த கதையுடன் ஒரு செய்முறை

எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான். டிரெயில் கேமரா என்பது மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு கடக்கும்போது தானாகவே படமெடுக்கும் கருவி. செப்டம்பரில் தொடங்கும் வில்வேட்டைக்கு ஜூலை நடுவிலேயே அதை மாட்டினால்தான் பயன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கிராண்ட் மேசா காட்டில், ஏறக்குறைய 10,000 அடி உயரத்தில், மூன்று கோடைகளாக மாட்டியும் கழற்றியும் கற்றதை எழுதுகிறேன். கேமராவை இயக்கும் விதம் கையேட்டிலேயே இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

சட்டம்

அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக டிரெயில் கேமரா வைப்பதே தடை. நெவாடாவின் பொது நிலங்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை வைக்கக் கூடாது. கொலராடோவில் வைக்கலாம், ஆனால் படத்தை உடனுக்குடன் கைபேசிக்கு அனுப்பும் வகைக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் மெமரி கார்டு வகையைத்தான் வாங்குவேன். நான் போகும் உள்காட்டில் சிக்னலே கிடைக்காது. மாதச் சந்தா எதற்கு?

இடம்

புதியவர்கள் எல்லோரும் புல்வெளி ஓரத்தில் மாட்டுகிறார்கள். அங்கே எல்க் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் மேய வரும். வடக்கு பார்த்த சரிவில் ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த பகுதியில்தான் பகலில் படுத்திருக்கும். படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே ஆண் எல்க் புரளும் சேற்றுக்குழி ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கட்டில் அகலத்தில் கலங்கிய கறுப்புத் தண்ணீர், சுற்றியுள்ள மரங்களில் இடுப்புயரத்துக்கு அப்பிய சேறு, அதில் ஒட்டிய மயிர். கிட்டே போனால் கிடாய் வாடை அடிக்கும். அதன்பின் சந்தேகமே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஜூலையில் பெரிய கொம்புடன் ஓர் ஆண் படத்தில் விழுந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். கோடையில் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். செப்டம்பரில் இணைசேரும் பருவம் வந்ததும் பெண் கூட்டத்தைத் தேடி மைல் கணக்கில் போய்விடும். பெண்ணும் கன்றும் அன்றாடம் கடக்கும் பாதையே எனக்குப் பெரிய செய்தி.

மாட்டுவது

தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் கட்டி, கேமராவின் முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே மேல்பக்கமாக ஒரு குச்சியை ஆப்பு போலச் செருகுங்கள். முகம் கீழ்நோக்கிச் சாயும். எல்க்கின் முகத்துக்கு நேரே இருந்தால் அது வந்து நக்கிவிட்டுப் போகும். லென்ஸ் வடக்கு பார்த்திருக்கட்டும். இல்லையென்றால் காலை, மாலை வெயில் படத்தைக் கெடுக்கும். பாதைக்கு நேராக வைக்காமல் சாய்கோணத்தில் வையுங்கள். உணரி வெப்ப வேறுபாடு நகர்வதைத்தான் பிடிக்கிறது. நேரே நடந்து வரும் மானைத் தாமதமாகவே உணரும். எதிரிலிருக்கும் உயரமான புல்லை ஒதுக்கிவிடுங்கள். முதல் வருடம் என் கார்டில் ஆயிரக்கணக்கில் விழுந்தது காற்றில் ஆடும் புல்தான்.

கடிகாரம்

இதைத்தான் எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். நானும் தாண்டினேன்.

சேற்றுக்குழியில் ஒரே ஆண் நான்கு நாள் வந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் மதியம் 1 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட நேரம். அதிர்ஷ்டம் என்று நினைத்து, பருவம் தொடங்கிய முதல் இரண்டு நாளும் காலை பத்திலிருந்து அந்தக் குழியருகே வில்லுடன் உட்கார்ந்திருந்தேன். ஒரு அணில் வந்தது. படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தது (இருட்டில்தான் கேமரா அப்படி எடுக்கும்) முன்பே கண்ணில் பட்டதுதான். அடர்ந்த மரநிழல், அதனால் அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் மாலை, நேரமும் வெப்பநிலையும் பதிவாகும் படத்தின் அடிப்பட்டையை மறுபடி பார்த்தேன்: 38 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 3 டிகிரி செல்சியஸ். ஆகஸ்ட் நண்பகலில் அந்தக் குளிர் எப்படி வரும்? காலை, மாலை குறியை மாற்றி வைத்திருக்கிறேன். அந்த எல்க் வந்ததெல்லாம் நள்ளிரவு தாண்டி.

ஆகவே கேமராவை இயக்கியவுடன் உங்கள் கைபேசியில் நேரம் தெரியும்படி லென்ஸுக்கு முன்னால் பிடித்து ஒரு படம் எடுக்கவையுங்கள். எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

பேட்டரி, கார்டு

லித்தியம் ஏஏ மட்டும். ஆல்கலைன் மலைக்குளிரில் தளர்ந்துவிடும். நான்கு டாலர் மிச்சம் பிடித்து ஒரு பருவத்தை இழக்காதீர்கள். 32 ஜிபி கார்டு போதும். அதைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். சேற்றுக்குழியில் ஒரு தூண்டலுக்கு மூன்று படம், அதன்பின் அரை நிமிட இடைவெளி.

கார்டு எடுக்கப் போவது

கோடைக்கு இரண்டு முறைக்கு மேல் போகாதீர்கள். அவை படுத்திருக்கும் நண்பகலே நல்லது. ஆனால் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். படுக்கைக்கு நேர் கீழிருந்து ஏறினால் உங்கள் வாடை உங்களுக்கு முன்னே போய்ச் சேரும். பக்கவாட்டில் வாருங்கள்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகருக்கு கார்டு முழுக்க மாடுகள் கிடைத்தன. தேசியக் காடுகளில் கோடையில் உரிமத்துடன் மாடு மேய்க்கிறார்கள். சுவடு பார்த்தாலே தெரியும்: மாட்டுக்குளம்பு அகலமாகவும் உருண்டையாகவும் இருக்கும், எல்க்கினுடையது சற்று நீளம். மாடு புக விரும்பாத, விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இடத்துக்குக் கேமராவை மாற்றச் சொன்னேன்.

பிற்சேர்க்கை 2: பேட்டரி மாற்றியபின் எல்லாப் படத்திலும் ஜனவரி 1 என்று விழுகிறது என்று இன்னொருவர் எழுதினார். சில கேமராக்களில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் தொடக்கத்துக்கே போய்விடும். நேரத்தைத் திரும்ப வைத்துவிட்டு மறுபடி கைபேசியைக் காட்டுங்கள். பழைய படங்களை அழிக்க வேண்டாம்: கார்டை எடுக்கப் போகும் அன்று, நேரத்தைத் திருத்துவதற்கு முன்பே கைபேசியைக் காட்டி ஒரு படம் எடுத்தால், அதில் விழும் தவறான நேரத்துக்கும் கைபேசி நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எல்லாப் படங்களோடும் கூட்டிக்கொள்ளலாம்.