நரம்பிழை வழியறியும் விதம்: விளக்கும்போது நேரும் பிழைகள்

கருவில் வளரும் நரம்பிழை, அதாவது நரம்பணுவிலிருந்து நீளும் மெல்லிய இழை, தன் இலக்கை எப்படிச் சென்றடைகிறது என்று பாடம் நடத்தும்போது, பாம்பன் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கரை திரும்பும் நாட்டுப்படகை உவமை சொல்வது இந்தக் கடற்கரையில் எங்களுக்கு இயல்பாக வந்துவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னேன். எல்லாப் படகுக்கும் விளக்கின் ஒளி ஒரே பொருளைத்தான் தரும் என்பதால், அந்த உவமை மாணவர் மனத்தில் ஆழமான பிழையொன்றை ஊன்றிவிடுகிறது.

இழைகளுக்கு வழிகாட்டும் புரதங்களில் நெட்ரின் ஈர்க்கும், ஸ்லிட் விலக்கும் என்று இரண்டு பட்டியல்களாக மனப்பாடம் செய்ய வைப்பதே அந்தப் பிழை. ஈர்ப்பும் விலக்கமும் மூலக்கூறுக்குள் பொதிந்திருக்கும் குணங்கள் அல்ல. இழையின் முனையிலுள்ள வளர்ச்சிக் கூம்பு எந்த ஏற்பியை (சமிக்ஞையை உணரும் புரதத்தை) கொண்டிருக்கிறது, அதன் உள்நிலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை அமைகின்றன. டி.சி.சி. என்ற ஏற்பியின் வழியாக ஈர்க்கும் அதே நெட்ரின், அன்க்-5 ஏற்பி உள்ள இழையை விலக்குகிறது. ஏற்பி மாறாவிட்டாலும் விளைவு மாறலாம்: நகத்தவளையின் தண்டுவட நரம்பணுக்களில் அணுவுக்குள் செய்தி கடத்தும் சுழல் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறின் செயல்பாட்டைத் தடுத்தபோது, நெட்ரினை நோக்கித் திரும்பிய கூம்புகள் அதைவிட்டு விலகித் திரும்பியதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. வாடைக் காற்று வடகடலைக் கொந்தளிக்கச் செய்யும் நாளில் தென்கடல் அமைதியாகக் கிடப்பதை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, கலங்கரை விளக்கத்தைவிட இந்த உவமையே பொருத்தமானது.

ஓர் இழை கடைசிவரை ஒரே விதமாக நடந்துகொள்ளும் என்று கருதுவதும் தவறு. தண்டுவடத்தின் நடுக்கோட்டை நோக்கி ஈர்க்கப்படும் குறுக்கிழைகள் (ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் நரம்பிழைகள்), அதைக் கடந்த பிறகு ரோபோ ஏற்பிகளின் வழியாக ஸ்லிட்டை உணர்ந்து விலகுகின்றன; ஆகவேதான் அவை மீண்டும் அங்கே திரும்புவதில்லை.

சமிக்ஞை எப்போதும் தொலைவிலிருந்து பரவி வருகிறது என்ற படத்தையும் திருத்த வேண்டும். எலிக் கருவின் தண்டுவட நடுக்கோட்டில் அமைந்த அடித்தட்டு என்ற அணுப்பட்டையில் மட்டும் நெட்ரினை நீக்கியபோதும் பெரும்பாலான குறுக்கிழைகள் நடுக்கோட்டைக் கடந்தன என்று 2017-இல் தெரியவந்தது. இழைகள் செல்லும் பாதையை ஒட்டிய, நரம்பணுக்களை உருவாக்கும் முன்னோடி அணுக்கள் சுரந்து வைக்கும் நெட்ரினே அவற்றுக்குப் பெரிதும் உதவுகிறது. அடித்தட்டு நெட்ரினுக்கும் பங்குண்டு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியிருப்பதால், ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கத் தேவையில்லை.

வளர்ச்சியையும் திருப்பத்தையும் ஒன்றாக எண்ணுவதைக் கல்லூரி மாணவர்களிடமும் காண்கிறேன். ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த நரம்பு வளர்ச்சிக் காரணி, சில வகை நரம்பணுக்கள் உயிர்பிழைக்கவும் இழை நீட்டவும் உதவுகிறது. அதன் முன்னிலையில் இழைகள் அடர்ந்திருப்பதை மட்டும் வைத்து அவை வழிகாட்டப்பட்டன என்று சொல்லிவிட முடியாது. இழை எவ்வளவு நீண்டது என்பதைத் தனியாகவும், எத்தனை பாகை திரும்பியது என்பதைத் தனியாகவும் அளந்த பிறகே அப்படிச் சொல்ல வேண்டும்.