ஃபர்ம்வேர் ஏற்றியபின் சுவிட்ச் மக்கர் செய்தால்

ஆபீஸ் நெட்வொர்க் சுவிட்சில் புது ஃபர்ம்வேர் (அதன் உள்மென்பொருள்) ஏற்றியபின் அது எழவில்லை என்றால் பவர் கேபிளைப் பிடுங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ரீபூட் கொடுத்து ஐந்து நிமிஷம் பிங்குக்கு (சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா என்று லேப்டாப்பிலிருந்து அனுப்பிப் பார்ப்பது) பதில் வரவில்லை என்றாலே கை தானாக பிளக்குக்குப் போகும், ஆனால் புது ஃபர்ம்வேரின் முதல் பூட் வழக்கமான பூட் கிடையாது. பல மாடல்களில் அந்த ஒரு முறை மட்டும் பூட்லோடர் (ஃபர்ம்வேரைத் தேடி ஏற்றும் ஆரம்பப் புரோகிராம்), பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே கருவிகளுக்குக் கரண்ட் கொடுப்பது) சிப்புக்கான மென்பொருள் எல்லாம் சேர்ந்தே அப்டேட் ஆகும், பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கலாம், பல சுவிட்ச்களை ஒன்றாக இணைத்த ஸ்டாக்காக இருந்தால் இன்னும் கூட. அந்த நேரத்தில் கரண்ட் போனால்தான் நிஜமாகவே ஆபத்து. அதனால் உங்கள் ஏரியாவுக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள். ரேக்குக்குப் பின்னால் போய் அந்த சுவிட்சின் வயர் யூபிஎஸ்ஸுக்குத்தான் போகிறதா என்று கையால் பிடித்துப் பார்த்துவிடுங்கள். பாதி யூபிஎஸ், பாதி நேரடி லைன் என்று கலந்து கிடக்கும் ரேக்குகள் சின்ன ஆபீஸ்களில் சகஜம்.

சரி, கால் மணி நேரம் தாண்டியும் பிங் இல்லை. இப்போது கன்சோல் கேபிள் (சுவிட்சின் கன்சோல் போர்ட்டை லேப்டாப்போடு நேரடியாக இணைப்பது) வேண்டும். கன்சோலில்தான் சுவிட்ச் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது வரி வரியாகத் தெரியும், வெளியிலிருந்து பிங் அடித்துக்கொண்டே இருந்தால் பதில் இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் வாங்கும்போது உள்ளே இருப்பது எஃப்டிடிஐ சிப்தானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான கேபிள்களில் வரும் பழைய அல்லது போலி புரோலிஃபிக் சிப்பைப் புது விண்டோஸ் டிரைவர் ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்று நிற்கும். நாம் ஃபர்ம்வேர் வேலையை வைத்துக்கொள்வது பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி அல்லது ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கேபிள் கையில் இருக்க வேண்டும், லேப்டாப்பில் சொருகிப் பார்த்தும் இருக்க வேண்டும்.

புட்டியில் (கன்சோலைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள்) சீரியல் தேர்ந்தெடுத்து, டிவைஸ் மேனேஜர் காட்டும் காம் எண்ணைப் போடுங்கள். டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' என்று மாற்ற மறக்காதீர்கள், புட்டி தானாக வைத்திருப்பது வேறு. வேகம் சிஸ்கோ கேட்டலிஸ்ட்டுக்கு 9600. அருபா சிஎக்ஸ், யூபிக்விட்டி போன்றவற்றுக்கு 115200. திரையில் குப்பை எழுத்துகளாக ஓடினால் வேகம்தான் தப்பு, சுவிட்ச் இல்லை.

வழக்கமான லாகின் கேட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரே இடத்துக்கு வந்து வந்து மறுபடி முதலிலிருந்து பூட் ஆகிறது என்றால், எந்த வரிக்குப் பிறகு திரும்புகிறது என்று பார்த்து அந்த லாகை அப்படியே ஃபைலாகச் சேமியுங்கள். பூட்லோடரிலேயே நின்றுவிட்டால் (கேட்டலிஸ்ட்டில் சுவிட்ச் என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும் மட்டும் தெரியும்) அதற்கு எந்த இமேஜை (ஃபர்ம்வேர் ஃபைலை) ஏற்றுவது என்று தெரியவில்லை என்று பொருள். 'டிர் ஃப்ளாஷ்' அடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய இமேஜ் இன்னும் அங்கேயே கிடந்தால் அதன் பெயரைக் கொடுத்து பூட் செய்தால் போதும், பத்து நிமிஷத்தில் ஆபீஸ் எழுந்துவிடும்.

இமேஜே இல்லை அல்லது கெட்டுப்போயிருக்கிறது என்றால் வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் முறை) வழி இருந்தால் அதுவே நல்லது, ஆனால் அது யூடிபி 69ஆம் போர்ட்டில் வருவதால் லேப்டாப்பின் விண்டோஸ் ஃபயர்வாலில் அதற்கு அனுமதி கொடுக்காவிட்டால் ஒன்றும் நகராது. எக்ஸ்மோடம் (கன்சோல் கேபிள் வழியே ஃபைல் அனுப்புவது) மட்டும்தான் வழி என்றால், ஆரம்பிப்பதற்கு முன் கன்சோல் வேகத்தை 115200க்கு ஏற்றுங்கள். 9600இல் நொடிக்கு 960 பைட்தான் போகும், 10 எம்பி இமேஜுக்கு மூன்று மணி நேரம். 115200இல் அதே வேலை கால் மணி நேரம். கேட்டலிஸ்ட் 9000 வரிசை மாதிரிப் புது சுவிட்ச்களில் இமேஜே பல நூறு எம்பி என்பதால் எக்ஸ்மோடம் நினைத்தே பார்க்க முடியாது, யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் சொருகி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். எந்த வழியானாலும் இமேஜின் எம்டி5 மதிப்பை (ஃபைல் கெடாமல் இருக்கிறதா என்று காட்டுவது) தயாரிப்பாளர் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும்.

இனி, பூட் ஆகிவிட்டது, ஆனால் ஏதோ வேலை செய்யவில்லை. இதுதான் அதிகம் நடப்பது. எதையும் தொடுவதற்கு முன் 'ஷோ வெர்ஷன்', 'ஷோ லாகிங்', 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' மூன்றையும் எடுத்து ஃபைலாக வையுங்கள். ரீசெட் பட்டனை அமுக்கினால் விலான்களோடு (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) சேர்ந்து என்ன நடந்தது என்பதற்கான தடயமும் போய்விடும். கையில் அப்டேட்டுக்கு முந்தைய கான்ஃபிக் (செட்டிங்ஸ் ஃபைல்) இருந்தால் இப்போதுள்ளதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். காணாமல் போன வரிதான் பெரும்பாலும் பதில். ஏறியிருப்பது புது வெர்ஷன்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டு இமேஜ் வைத்திருக்கும் சுவிட்ச்களில் புதியது இரண்டாவது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, பழையதிலேயே பூட் ஆகியிருக்கும்.

அப்புறம் யாருக்கு அவதி என்று கேளுங்கள். எல்லாருக்கும் நெட் வருகிறது, உங்களுக்கு மட்டும் சுவிட்சுக்குள் போக முடியவில்லை என்றால் அது மேனேஜ்மென்ட் சமாச்சாரம். புது ஃபர்ம்வேர்கள் பழைய எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான ரிமோட் லாகின்) அல்காரிதங்களைத் தூக்கிவிடுகின்றன, பல வருஷப் பழைய புட்டி கீ எக்ஸ்சேஞ்ச் ஒத்துவரவில்லை என்று சொல்லி வெளியேறும். புட்டியை அப்டேட் செய்தால் தீர்ந்தது. வெப் பக்கம் என்றால் எச்டிடிபிஎஸ் போட்டுப் பாருங்கள். கன்சோல் போர்ட்டே இல்லாத சின்ன சுவிட்ச்களில் கான்ஃபிக் அழிந்து அது கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த ஐபிக்குப் போயிருக்கலாம்: டி-லிங்க் 10.90.90.90, நெட்கியர் 192.168.0.239, டிபி-லிங்க் 192.168.0.1, சிஸ்கோவின் சின்ன வரிசை 192.168.1.254. லேப்டாப்புக்கு அதே வரிசையில் ஒரு ஐபி கொடுத்து நேரடியாகச் சொருகிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் 169.254 என்று தொடங்கும் ஐபி வந்திருந்தால் டிஹெச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் சேவை) போய்ச் சேரவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குக் கையால் ஐபி போடுங்கள், இந்த ஒரு சோதனை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். அப்படிப் போட்டதும் நெட் வருகிறது என்றால் பாதை சரி, டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கில் (போலி டிஹெச்சிபியைத் தடுக்கும் வசதி) அப்லிங்க் போர்ட்டுக்கு (மேல் சுவிட்சுக்குப் போகும் போர்ட்) இருந்த 'டிரஸ்ட்' போய்விட்டதா என்று பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ட்ரங்க்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) அந்த விலான் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, நேட்டிவ் விலான் (டேக் இல்லாமல் போகும் விலான்) இரண்டு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். சொருகி அரை நிமிஷம் கழித்துத்தான் நெட் வருகிறது என்றால் போர்ட்ஃபாஸ்ட் (போர்ட்டை உடனே திறக்கும் செட்டிங்) போய்விட்டது, பழைய ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை வராமல் தடுப்பது) 15 நொடி கேட்டு 15 நொடி கற்ற பிறகுதான் போர்ட்டைத் திறக்கும். ஆபீஸ் முழுக்க மந்தமாக இருந்தால் ரூட் பிரிட்ஜ் (ஸ்பேனிங் ட்ரீயின் தலைமை சுவிட்ச்) யார் என்று பாருங்கள். ப்ரையாரிட்டி வரி அழிந்து எல்லாமே 32768இல் நின்றால் மேக் முகவரி சிறியதாக உள்ள ஏதோ ஒரு மூலை சுவிட்ச் ரூட்டாகியிருக்கும்.

கேமராவும் ஐபி போனும் மட்டும் அணைந்து கிடந்தால் பிஓஇ. முதலில் பொறுங்கள், அந்த சிப் அப்டேட் ஆகி முடியும்வரை பவர் வராது. பிறகும் சில போர்ட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால் பட்ஜெட்டைக் கணக்குப் போடுங்கள்: 370 வாட் சுவிட்ச் 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் கொடுக்கும், 30 வாட் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட் என்றால் பன்னிரண்டுதான் தாங்கும். எந்த போர்ட்டுக்கு முன்னுரிமை என்று நீங்கள் வைத்திருந்த வரிசை அழிந்திருந்தால் வாசல் கேமரா அணைந்து மீட்டிங் ரூம் போனுக்குக் கரண்ட் போகும்.

ஃபைபர் அப்லிங்க் விழுந்திருந்தால் 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிஸேபிள்ட்' அடியுங்கள். ஜிபிஐசி இன்வாலிட் என்று வந்தால் வேறு கம்பெனி எஸ்எஃப்பியை (ஃபைபர் சொருகும் மாட்யூல்) புது ஃபர்ம்வேர் மறுக்கிறது. ஒரிஜினல் மாட்யூலை மாற்றிச் சோதித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் வழிக்கு வராவிட்டால் பழைய வெர்ஷனுக்கே திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை, திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஓட வேண்டும். ஆனால் சில மாடல்களில் புது ஃபர்ம்வேர் கான்ஃபிக்கின் வடிவத்தையே மாற்றிவிடும், பழையது அதைப் படிக்காது, எனவே அப்டேட்டுக்கு முன் எடுத்த பேக்கப்பைத்தான் ஏற்ற வேண்டும். சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இயின் இன்ஸ்டால் முறையில் கமிட் (புது வெர்ஷனை உறுதிப்படுத்தும் கட்டளை) கொடுக்காமல் விட்டால் 2 மணி நேரத்தில் அதுவே பழையதற்குப் போய்விடும். எல்லாம் நன்றாக ஓடும்போது திடீரென்று ரீபூட் ஆனால் இதுவே காரணமாக இருக்கலாம். ரிலீஸ் நோட்ஸில் இடையில் ஒரு வெர்ஷன் ஏற்றித்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் முயலுங்கள். சப்போர்ட்டில் கேஸ் போடுவதானால் சீரியல் எண், சேமித்த பூட் லாக், பழைய புதிய வெர்ஷன் எண்கள் எல்லாவற்றையும் முதல் மெயிலிலேயே வைத்து அனுப்பிவிடுங்கள்.