வசந்தத்தில் கொட்டும் பனி: மறுநாள் இரவை மறக்காதீர்கள்

மரங்கள் மொட்டு விட்டு, தடித்த மேலங்கிகளை எல்லாரும் பெட்டிக்குள் வைத்த பிறகு குளிர்நாடுகளில் ஒரு பனிப்பொழிவு வரும். வரும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு ஆண்டும் ஏமாறுவோம். புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் அந்த வாரம் முழுக்க ஓடி ஓடிச் செய்யும் காரியங்களைப் பார்க்கும்போது எனக்குக் கை பரபரக்கும். இந்த வேலையில் தலை நரைத்த எல்லாரும் ஆரம்பத்தில் செய்தவைதான் அவை, வரிசை கூட மாறாமல்.

வானிலை அறிக்கை பாருங்கள், செடியை மூடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏழாம் நாள் படத்தை நம்புவது

கைபேசியில் அடுத்த வாரத்துக்கு நேரே ஒரு சூரியன் படம் தெரிந்தால் அதை நம்பி நாற்று நடுபவர்கள் இருக்கிறார்கள். வசந்தத்தில் இது பெரிய துணிச்சல். இந்தப் பருவத்துப் பனியைப் பெரும்பாலும் கொண்டுவருவது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றோட்டத்திலிருந்து அறுந்து தனியாகச் சுழலும் ஒரு குளிர்ந்த தாழ்வழுத்தம். ஓட்டத்தோடு போவது எப்போது எங்கே இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அறுந்துபோனது நின்ற இடத்திலேயே சுற்றும், சில சமயம் வந்த திசையிலேயே திரும்பும். ஆகவே முன்கணிப்பு தினமும் மாறினால் கணித்தவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நான்கு நாளுக்கு அப்பால் உள்ளதைப் போக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, "2 டிகிரி இருக்கே, மழைதான் பெய்யும்" என்ற நம்பிக்கை. காற்று வறண்டிருந்தால், விழுகிற துளி ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். பனி உருகும்போதும் சுற்றியிருக்கும் வெப்பத்தைத்தான் பிடுங்கிக்கொள்ளும். 1 கிலோ உருக 334 கிலோஜூல் வேண்டும். அதனால் சாயங்காலம் கனமாக அடித்துக்கொண்டிருக்கும் மழை ஒரு மணி நேரத்தில் அப்படியே பனியாக மாறிவிடும். தரைக்கு மேலே 1, 2 டிகிரி இருக்கும்போதே செதில் செதிலாக விழும்.

அளவிலும் ஏமாற்று உண்டு. 1 மில்லிமீட்டர் மழைநீருக்கு 1 சென்டிமீட்டர் பனி என்ற பழைய கணக்கில்தான் பல செயலிகள் ஆழம் சொல்கின்றன. வசந்தத்துப் பனி நீர் நிறைந்தது. அதே நீருக்குப் பாதி ஆழம்தான் நிற்கும், அதிலும் கொஞ்சம் வெதுவெதுப்பான மண்ணில் உருகிவிடும். "பதினைந்துன்னாங்க, எட்டுதான் விழுந்திருக்கு" என்று சிரிப்பவர்கள், அந்த எட்டிலும் முழு எடை இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

பனி நின்றதும் போர்வையை எடுப்பது

இதுதான் என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது. மற்ற தவறுகளில் ஒரு கிளை போகும், ஒரு நாள் போகும். இதில் அந்த ஆண்டின் பழம் முழுக்கப் போகும்.

சிலர் சேர்ந்து பயிரிடும் எங்கள் பொதுத் தோட்டத்தில் ஒரு தம்பி தக்காளி நாற்றை அவசரப்பட்டு வெளியில் நட்டிருந்தார், பக்கத்தில் பூத்து நின்ற சின்ன ஆப்பிள் மரம் ஒன்று. பனி வருகிறது என்றதும் மனிதர் நன்றாகத்தான் வேலை செய்தார். துணி, கழி, கல் எல்லாம் கொண்டுவந்து கூடாரமே கட்டிவிட்டார். மறுநாள் காலை பனி நின்று வெயில் அடித்தது. போய்ப் பார்த்தால் துணிகளை உதறி, காயவைத்து, மடித்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, ராத்திரிக்கு மறுபடி போடணும். இன்னிக்குத்தான் ஆபத்து."

"அண்ணா, பனிதான் நின்னுடுச்சே! வானத்தைப் பாருங்க, ஒரு மேகம் இல்ல."

அந்த ஒரு மேகம் இல்லாததுதான் பிரச்சினை. பனி கொட்டும் இரவில் மேகம் இருக்கும், காற்று இருக்கும். தரை விடும் வெப்பத்தை மேகம் வாங்கித் திருப்பி அனுப்பும், காற்று மேலும் கீழும் கலக்கும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். விழுந்த பனிக்குள் புதைந்த செடிக்கோ அது போர்வை. உள்ளே பூஜ்யத்தை விட்டு அதிகம் கீழே இறங்காது. அந்த இரவு பெரும்பாலும் பூவைக் கொல்வதில்லை.

மறுநாள்தான் பின்னால் உயர் அழுத்தம் வரும். வறண்ட காற்று, தெளிந்த வானம், சாயங்காலத்தோடு அடங்கும் காற்று. கூடவே தரையில் கிடக்கும் புதுப் பனி மூன்று விதத்தில் கெடுதல் செய்கிறது. பகல் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தை வானத்துக்கே திருப்பிவிடும், மண் சூடாகாது. மண்ணில் மிச்சமிருக்கும் சூட்டையும் மேலே வரவிடாமல் தடுக்கும். இரவில் தன் வெப்பத்தைத் தாராளமாக வானத்துக்கு விட்டு, தன்மேல் இருக்கும் காற்றையும் சேர்த்துக் குளிர்விக்கும். பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூங்கிளை அந்தக் குளிரில் நிற்கிறது.

அறிக்கையில் சொல்லும் வெப்பநிலை, வெப்பமானியை வெயில் படாமல் வைக்கும் நிழற்கூண்டுக்குள் ஒன்றேகாலிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் அளந்தது. காற்றில்லாத தெளிந்த இரவில் தரையை ஒட்டி அதைவிட 3, 4 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். பூஜ்யம் என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனால் நாற்று மைனஸ் 3-இல் நிற்கும். ஆப்பிள் எவ்வளவு தாங்கும் என்பதற்குப் பழத்தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் அட்டவணை உண்டு. மொட்டு நுனி வெள்ளி நிறமாகும் கட்டத்தில் மைனஸ் 9 டிகிரி வரை போனாலும் பத்தில் ஒன்றுதான் சாகும். முழுதாகப் பூத்துவிட்டாலோ மைனஸ் 2.2-இலேயே பத்தில் ஒன்று, மைனஸ் 3.9-இல் பத்தில் ஒன்பது. இடையில் இருப்பது இரண்டு டிகிரி கூட இல்லை. 2007 ஏப்ரலில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் 2021 ஏப்ரலில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களிலும் நடந்தது இந்த மாதிரியான கதைதான்: மார்ச் வெதுவெதுப்பாக இருந்து எல்லாவற்றையும் முளைக்கவிட்டது, ஏப்ரலில் உறைபனி வந்து பறித்துக்கொண்டது.

தம்பியின் தக்காளி மறுநாள் காலை விறைத்து நின்றது. மதியம் வேகவைத்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. அவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "அன்னைக்குப் பெஞ்ச பனியிலேயே அடிபட்டிருக்கும் அண்ணா, இப்பத்தான் தெரியுது." பாருங்கள், இதனால்தான் இந்தத் தவறு ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறது. சேதம் தாமதமாகக் கண்ணில் படும், பழி விழுந்த பனிமேல் போகும். அடுத்த ஆண்டும் பனி கொட்டும் இரவுக்குத்தான் காவல் இருப்பார், அடுத்த இரவுக்குத் துணி மடிந்து அலமாரியில் இருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பனி நின்ற காலையில் போர்வையைத் திறக்கலாம், திறக்கவும் வேண்டும். அப்போதே செடியைச் சுற்றியுள்ள பனியை ஒதுக்கி மண்ணை வெளியே கொண்டுவந்துவிடுங்கள், வெயில் நேராக மண்ணில் படட்டும். மண் காய்ந்திருந்தால் பகலிலேயே நனையுங்கள். ஈர மண் அதிக வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெதுவாக விடும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு போயிருக்கும்.

மூடும்போது துணி நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும். செடியின் தலையில் துணியைப் போட்டு அடித்தண்டோடு சேர்த்துக் கட்டுகிறார்கள் பலர். செடிக்கென்று சொந்தச் சூடு கிடையாது, சூடு வருவது மண்ணிலிருந்து. தண்டில் கட்டினால் அந்தச் சூட்டை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறீர்கள். பிளாஸ்டிக் தாள் மட்டுமே இருக்கிறதென்றால் இலையில் படாமல் கழி நட்டுத் தூக்கிப் போடுங்கள்; தொடும் இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் அதை எடுக்கவும் மறக்காதீர்கள், உள்ளே அவிந்துவிடும்.

எந்த இரவு ஆபத்து என்று கண்டுபிடிக்க ஒரு எண் போதும்: சாயங்காலத்துப் பனிப்புள்ளி. காற்றிலுள்ள ஈரம் நீராகவோ உறைபனியாகவோ படியத் தொடங்கும் வெப்பநிலை அது. படியும்போது உள்ளுறை வெப்பம் வெளிவந்து, குளிர் இறங்கும் வேகத்தைக் குறைக்கும். ஆகவே பனிப்புள்ளி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். மைனஸ் 6, மைனஸ் 7 என்று இருந்து, வானம் தெளிந்து, இலை கூட அசையவில்லை என்றால், தூங்காமல் வேலை பாருங்கள். இந்த மாதிரி வறண்ட இரவில் வெள்ளையாக எதுவும் படியாது. "உறைபனியே விழலையே" என்று காலையில் சந்தோஷப்படுவார்கள். மதியம் இலை கருப்பாகும்.

குளிர் உச்சத்துக்கு வருவது நள்ளிரவில் அல்ல, விடியும் நேரத்தில். பன்னிரண்டு மணிக்கு வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

புகை போடுவது

ஈர வைக்கோலைக் கொளுத்தி ஊரையே இருமவைப்பதில் பயன் மிகக் குறைவு. தரை விடும் வெப்பக் கதிர் புகைக்குள் புகுந்து போய்விடும். காப்பாற்றுவது நெருப்பின் சூடு, அதுவும் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் எரிந்தால்.

தெளிப்பானைப் பாதியில் நிறுத்துவது

மரத்தின்மேல் நீர் தெளித்து உறையவைத்துக் காப்பாற்றும் முறை நிஜமானது. நீர் உறையும்போது வெப்பத்தை விடும், அது பூவைப் பூஜ்யத்திலேயே பிடித்துவைக்கும். ஆனால் நீர் தொடர்ந்து உறைந்துகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஈரம் ஆவியாகத் தொடங்கும், ஆவியாகும் நீர் எடுத்துக்கொள்ளும் வெப்பம் உறையும் நீர் விடுவதைப்போல ஏழு மடங்குக்கும் அதிகம். விடியற்காலை நான்கு மணிக்கு "போதும், நல்லா ஐஸ் கட்டிடுச்சு" என்று குழாயை மூடுபவர், ஒன்றுமே செய்யாதவரைவிட அதிகம் இழப்பார். காலையில் பனிக்கட்டி தானாக உருகி உதிரும்வரை நீர் ஓட வசதியில்லையென்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். காற்று அடிக்கும் இரவிலும் வேண்டாம்.

கிளையை உலுக்குவது

இலை விட்ட மரத்தில் ஈரப்பனி தங்கினால் கிளை வளைந்து தரையைத் தொடும், பார்க்கவே பரிதாபமாக இருக்கும். உடனே அடிமரத்தைப் பிடித்து ஆட்டுவார்கள், அல்லது மேலிருந்து கழியால் அடிப்பார்கள். ஏற்கெனவே முறியும் நிலையில் இருக்கும் கிளைக்கு அந்த ஒரு அடி போதும். நீளமான துடைப்பத்தைக் கிளைக்கு அடியில் கொடுத்து மெதுவாக மேலே தூக்கி விடுங்கள், கீழ்க்கிளையிலிருந்து ஆரம்பித்து. பனி இறுகிப் பனிக்கட்டியாகிவிட்டால் கையே வைக்காதீர்கள். மதிய வெயில் பார்த்துக்கொள்ளும். வட கோளத்தில் ஏப்ரல் கடைசிச் சூரியனின் உயரம் ஆகஸ்ட் நடுப்பகுதியின் உயரம்தான், அது பனிக்கு நெடுநேரம் இடம் தராது.

கருகியதை உடனே வெட்டுவது

வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் பொறுத்தால் எது பிழைத்தது என்று மரமே காட்டும்.

முந்திக்கொண்டு டயர் மாற்றுவது

கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். மேலே சொன்னதெல்லாம் ஏப்ரல் கதை, அதற்கு முன்பே குளிர்கால டயரைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆழம் பார்த்து அள்ளுவது

பதினைந்து சென்டிமீட்டர் தானே என்று மண்வாரியை எடுக்கிறார்கள். ஈரப்பனியில் அது ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ வரை வரும். மூன்று மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம் உள்ள ஒரு வாசல்பாதை என்றால் 900 கிலோ. ஜனவரித் தூள்பனியைப் பழகிய கையோடு, குனிந்து தூக்கி எறிந்தால் இடுப்பு போகும். நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. தூக்காமல் தள்ளுங்கள். அவசரமில்லையென்றால் மதியம்வரை காத்திருந்தால் பாதி ஓடிவிடும்.

ஆனால் ஓடிய நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பகலில் பாதையின் குறுக்கே ஓடியது இரவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாகிவிடும், விடியற்காலையில் முதலில் வெளியே வருபவர் அதில் விழுவார். பாலத்துக்கும் இதே கதி. அதன் அடியிலும் காற்று போவதால் மற்றச் சாலையைவிட முன்னதாக உறையும்.

பூ வெள்ளையாக இருக்கிறதே என்று நம்புவது

குளிர் போன இரண்டாம் நாள் மரத்தைப் பார்த்தால் இதழ்கள் பளிச்சென்று இருக்கும். இதழ் ஏமாற்றும். முதலில் சாவது பூவின் நடுவில் இருக்கும் சூலகம். ஒரு சவர கத்தியால் சில பூக்களைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நடு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் அது காயாகாது. உயரக் கிளை, தாழ்ந்த கிளை, மரத்தின் நாலு பக்கம் என்று பிரித்து எடுங்கள். அடியில் எல்லாம் போயிருந்தாலும் உச்சியில் நிறைய மிஞ்சியிருக்கும். ஆப்பிளில் பத்தில் ஒரு பூ பிழைத்தாலே ஒரு நல்ல விளைச்சலுக்குப் போதும். செர்ரிக்கு அது போதாது. எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த தெளிந்த இரவுக்குத் துணியை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.