விலை நோட்டு போடுவது எப்படி? தள்ளுபடி அட்டையை நம்பாமல் கணக்குப் பார்த்து வாங்க ஒரு செய்முறை

எவ்வளவு தள்ளுபடி என்று கடை சொல்லிவிடும். போன தடவை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதுதான் நமக்கு நினைவிருக்காது. அந்த நினைவை எழுதி வைப்பதுதான் விலை நோட்டு. ஒரு சின்ன நோட்டு, பேனா, மார்க்கர், போனில் உள்ள கால்குலேட்டர் போதும். கீழே வரும் விலைகள் வெறும் எண்கள். எந்த நாணயத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

படி 1: நான்கு வாரம் பில் சேர்த்தல்

பில்லைக் கவரில் போட்டு வைத்தால் மட்டும் போதாது. பெரும்பாலான பில்கள் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருபவை. வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். நான்கு வாரம் முடிந்ததும், ஒரு முறைக்கு மேல் வந்த பொருட்களை டிக் அடித்து, அவற்றில் 15 மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, சலவைத் தூள், எண்ணெய், பற்பசை போன்றவைதான் பெரும்பாலும் வரும். முதல் நாளே 50 பொருட்களுடன் ஆரம்பித்தால் இரண்டாவது வாரம் நோட்டு அலமாரி மேலே போய்விடும்.

படி 2: ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்

ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, கடை, பிராண்டு, நிகர அளவு, கொடுத்த விலை, 100-க்கு விலை (100 கிராமுக்கு அல்லது 100 மி.லி.க்கு எவ்வளவு என்பது). நிகர அளவை ஒவ்வொரு முறையும் பாக்கெட்டைப் பார்த்தே எழுத வேண்டும், மேல் வரியைப் பார்த்து எழுதக்கூடாது. விலையைத் தொடாமல் எடையைக் குறைப்பது பல தயாரிப்பாளர்கள் செய்வதுதான். 200 கிராம் பாக்கெட் அதே விலைக்கு 180 கிராம் ஆனால், விலை 11% ஏறிவிட்டது என்று அர்த்தம். உறை மாறியிருக்காது, கண்ணில் படவும் படாது.

படி 3: 100-க்கு விலை

விலையை நிகர அளவால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 500 கிராம் 90 என்றால் 90 ÷ 500 × 100 = 18. ஒரு கிலோ 160 என்றால் 160 ÷ 1000 × 100 = 16. கிலோ பாக்கெட்டுக்கு 1000 போடாமல் 1 என்று போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. விடை 16,000 என்று வந்தால் அதுதான் காரணம்.

அலமாரிச் சீட்டிலேயே இந்த விலை அச்சிட்டிருந்தாலும், ஒன்றில் 100 கிராமுக்கும் பக்கத்தில் இருப்பதில் கிலோவுக்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எண்ணெயில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பிராண்டு லிட்டரில் வரும், இன்னொன்று கிலோவில் வரும். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசு; ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு கிலோ பாக்கெட்டில் கிட்டத்தட்ட 1,100 மி.லி. இருக்கும். இரண்டும் ஒரே விலை என்றால் கிலோவை எடுங்கள்.

சலவைத் தூளுக்கு எடைக் கணக்கு உதவாது, எத்தனை துவைப்பு என்று பார்க்க வேண்டும். ஒரு தூள் 1 கிலோ, ஒரு துவைப்புக்கு 50 கிராம் என்றால் 20 துவைப்பு. இன்னொன்று 800 கிராம், துவைப்புக்கு 25 கிராம் என்றால் 32 துவைப்பு. எடையில் சின்னதுதான் நாளில் பெரியது. ஆனால் 25 கிராம் போட வேண்டிய இடத்தில் கண் மதிப்பில் 50 போட்டால் 32 துவைப்பு 16 ஆகிவிடும். ஒரு முறை தராசில் நிறுத்து, கரண்டியில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். திரவமாக வாங்கினால், மூடிக்கு உள்ளே அளவுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி நிறைய ஊற்றச் சொல்வது அபூர்வம். கூடுதலாகப் போட்டது அலசலில் போகாமல் துணியிலேயே தங்கி, காய்ந்ததும் விறைப்பாக நிற்கும்.

படி 4: திறந்த தேதி

புதுப் பாக்கெட்டைத் திறக்கும்போது அதன் மேலேயே தேதி எழுதுங்கள். தீர்ந்த அன்று, எத்தனை நாள் வந்தது என்று நோட்டில் குறியுங்கள். பெரிய பாக்கெட் வாங்கலாமா என்பதை இந்த எண்தான் சொல்லும்.

மேலே உள்ள 90, 160 கணக்கையே எடுப்போம். கிலோ வாங்கியவர் கெட்டுப்போய் 150 கிராம் கொட்டினால், 850 கிராமுக்கு 160 கொடுத்திருக்கிறார். 100-க்கு 18.8. அரைக் கிலோ வாங்கியவர் கொடுத்ததோ 18. சுமார் 110 கிராமுக்கு மேல் வீணானாலே பெரிய பாக்கெட் நஷ்டம்.

படி 5: சலுகையைப் பிரித்துப் பார்த்தல்

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது 33% குறைவு. "இரண்டாவது பாதி விலை" என்பது வெறும் 25%. "20% கூடுதல்" என்றால் விலையில் கிட்டத்தட்ட 17%தான் குறைகிறது. 20%-க்கு மேல் இன்னொரு 10% என்றால் 30 இல்லை, 28. இதெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 100-க்கு விலையைப் போட்டு நோட்டோடு ஒப்பிட்டால் போதும்.

படி 6: எவ்வளவு சேர்த்து வைப்பது

மூன்று மாதம் கழித்து, ஒவ்வொரு பக்கத்திலும் மிகக் குறைந்த விலையை வட்டமிடுங்கள். அந்த விலை திரும்ப வரும்போது, அடுத்த சலுகை வரை தேவைப்படும் அளவு மட்டும் வாங்குங்கள். பற்பசை 40 நாள் வருகிறது, சலுகை 80 நாளுக்கு ஒரு முறை வருகிறது என்றால் இரண்டு டியூப். பத்து வேண்டாம்.

எண்ணெயை இப்படிக் குவிக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும். ப்ளீச் திரவமும் அப்படித்தான்: மூடி வைத்திருந்தாலும் சில மாதங்களில் வீரியம் குறையும், சூட்டில் இன்னும் சீக்கிரம். சலவைத் தூள் ஈரம் படாமல் இருந்தால் தாங்கும். புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வையுங்கள்.

மூன்று மாதமாக விலை அசையாத பொருட்கள் சில இருக்கும். அந்தப் பக்கங்களை மூடிவிட்டு, பட்டியலில் காத்திருக்கும் வேறு பொருளுக்குப் பக்கம் திறங்கள்.