ஒளியில் மிதக்கும் மணியால் நுண்விசையை அளக்கும் முறை

பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கினும் ஜோசப் டிஜெட்ஸிக்கும் 1971-இல் நுண்ணிய கண்ணாடி மணியை லேசர் ஒளியிலேயே மிதக்க வைத்தார்கள். அந்த மணியை எதுவும் தொடுவதில்லை என்பதே அதை விசைமானியாக்கும் தகுதி.

300 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா மணிகளை ஆல்கஹாலில் மிக நீர்க்கக் கலந்து, ஆஸ்துமா நோயாளிகள் பயன்படுத்தும் நெபுலைசரைப் போன்ற கருவியால், லேசர் குவியும் இடத்தை நோக்கித் தெளியுங்கள். ஒரு மணி சிக்கியதும் காற்றை மெல்ல வெளியேற்றுங்கள். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியை எப்போதும் கழற்றக் கூடாது.

காற்று குறையக் குறைய மூலக்கூறுகளின் மோதலால் வரும் இரைச்சலும் குறையும்; ஆனால் அலைவைத் தணிக்க ஏதுமின்றி மணி தப்பிவிடும். ஆகவே அழுத்தம் ஒரு மில்லிபாரை எட்டுமுன்பே பின்னூட்டத்தை, அதாவது மணியின் அசைவை அளந்து அதற்கு எதிராகத் தள்ளும் ஏற்பாட்டை, இயக்கிவிடுங்கள். பின்னூட்டம் மணியின் அசைவுக்குரிய வெப்பநிலையைக் குறைக்கும் அதே விகிதத்தில் தணிப்பைக் கூட்டுவதால், விசை உணர்திறன் அதனால் மட்டும் உயராது. மணியைப் பிடித்து வைப்பதே அதன் வேலை.

மணியின் எவ்வளவு அசைவுக்கு எவ்வளவு விசை என்று கண்டறியும் அளவுதிருத்தமே இந்த முறையின் உயிர் என்பேன். மணியின் இருபுறமும் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்முனைகளை வைத்து, 0.1 வோல்ட் வீச்சுள்ள மாறுமின்னழுத்தம் கொடுத்தால், ஒரே ஒரு எலக்ட்ரான் மிகுந்த மணிமீது 16 அட்டோநியூட்டன் (ஒரு அட்டோநியூட்டன் என்பது நியூட்டனில் 10⁻¹⁸ பங்கு) விசை விழும். புறஊதா விளக்கைச் சற்று நேரம் காட்டித் திரையைக் கவனியுங்கள்: மணியின் அசைவைக் காட்டும் சமிக்ஞை வழுக்கிக்கொண்டு இறங்காமல், சம உயரமுள்ள படிகளாக இறங்கும். ஒவ்வொரு படியும் ஒரு எலக்ட்ரான். எந்தக் கருவியையும் நம்பவேண்டாத இந்த அளவுகோலை இயற்கையே நம் கையில் தருகிறது! படிகள் பூஜ்யத்தைத் தொட்டதும் விளக்கை அணையுங்கள். அந்த மின்னூட்டமற்ற மணியால்தான் உண்மையான அளவீடு.

பிறகு வேண்டியது பொறுமை. ரெனோவிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெராசியின் குழு 2016-இல், ஒரு நொடியில் 1.6 அட்டோநியூட்டன் அளவிலிருந்த இரைச்சலை ஒரு நாளுக்கும் மேலாகச் சராசரி எடுத்து, சில செப்டோநியூட்டன்களுக்கு (அட்டோநியூட்டனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறக்கியது. அலைவெண்ணும் கட்டமும் (அலைவு எந்த நிலையில் இருக்கிறது என்பதும்) முன்பே தெரிந்த விசைக்கே இந்தச் சராசரி பலிக்கும்.

கடைசியில் மணியை ஒளியின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டு, மற்ற அனைத்தையும் அப்படியே ஓடவிட்டு, அதே அளவு நேரம் பதிவு செய்யுங்கள். அப்போதும் அதே அலைவெண்ணில் முகடு தெரிந்தால் அது விசையன்று, மின்கம்பிகள் வழியே கசிந்து வரும் சமிக்ஞை.