அப்பாவின் சிடி பிளேயரும் புளூடூத் ஸ்பீக்கரும்

வெள்ளவத்தை வீட்டில் அப்பாவின் சிடி பிளேயர் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதன் ஸ்பீக்கர்கள்தான் போய்விட்டன. புது புளூடூத் ஸ்பீக்கரில் வயர் செருக இடமே இல்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பாட்டைப் புளூடூத்தில் அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வாங்கிவந்து, பிளேயரின் பின்னாலுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளில் கொழுவினேன். சத்தமே இல்லை. ஒரு மணித்தியாலம் வயரைத்தான் திட்டினேன். அப்புறம் பார்த்தால், வாங்கியது ரிசீவர். அது புளூடூத்தைப் பெறும், அனுப்பாது. வேண்டியது டிரான்ஸ்மிட்டர். சரி, மாற்றிவந்தேன். இப்போது ஸ்பீக்கர் என் போனையே பிடித்துக்கொண்டது! போனில் புளூடூத்தை நிறுத்திவிட்டு, டிரான்ஸ்மிட்டரையும் ஸ்பீக்கரையும் பக்கத்தில் வைத்து இணைக்கும் பட்டன்களை அழுத்தியதும் பாட்டு வந்தது. பிளேயரின் பின்பக்கத் துளைகளில் (லைன் அவுட்) வரும் சத்தத்தின் அளவு மாறாது, அதனால் சத்தத்தை ஸ்பீக்கரில்தான் கூட்ட வேண்டும். அப்பா இன்னும் பழைய குமிழைத்தான் திருகுகிறார்.