பனியில இருந்து காரைக்குடி வெயிலுக்குக் குடி வர்றவுகளுக்கு

குளிர் தேசத்துல பல வருஷம் இருந்துட்டு நம்ம பக்கம் திரும்பி வர்ற குடும்பங்க இப்ப கூடிக்கிட்டே இருக்கு, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு எங்க போனாலும் பாக்கலாம். நாங்களும் கனடாவுல இருக்குற வின்னிபெக்ல இருந்து காரைக்குடிக்குக் குடி வந்தவுகதான். வரப்போறவுக எல்லாரும் மொதல்ல கேக்குறது எந்த ஏசி வாங்கலாம்னு. என்னயக் கேட்டா அது கடைசியாக் கேக்க வேண்டிய கேள்வி. எந்த மாசம் வந்து எறங்குறோம், எந்த மாதிரி வீட்ல இருக்கோம், ஒரு நாளை எப்படிப் பிரிச்சு வச்சுக்கிறோம்னு இதைச் சரி பண்ணிட்டா வெயிலைப் பத்தின பயத்துல பாதி போயிரும்.

மாசத்துல இருந்து வருவோம். பொங்கல் முடிஞ்ச கையோட வாங்க, இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் அடிச்சுச் சொல்லுவேன். தை மாசம் விடியக்காலம் 20, 21 டிகிரி இருக்கும், மத்தியானம் 30-ஐ ஒட்டி நிக்கும், மைனஸ் 25-ல இருந்து வர்ற உடம்புக்கு அதுவே பெரிய மாத்தம்தான் ஆனா தாங்கிக்கிற மாத்தம். அப்பறம் மாசி, பங்குனின்னு வெயில் படிப்படியா ஏறும், உடம்பும் கூடவே பழகிக்கிட்டு வரும், மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிக்கிறப்ப நீங்களும் ஊர்க்காரவுக மாதிரி ஆயிருப்பீங்க. கஷ்டம் என்னன்னா பிள்ளைக படிப்பு. அங்க ஸ்கூல் ஜூன் கடைசியில முடியுது, இங்க ஜூன்லயே தொறந்துர்றாக, அதனால மே மாசத்துலயே பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து எறங்குறவுக உண்டு. அங்க ஏப்ரல்ல கூட பனி கொட்டும், அதுல இருந்து நேரா 40 டிகிரிக்கு வந்தா பெரியவுகளே சுருண்டு படுத்துருவாக, சின்னஞ்சிறுசுக பாவம். சின்ன கிளாஸ் பிள்ளைகன்னா ஸ்கூல்ல பேசி ஜனவரியிலயே சேத்துருங்க, மூணு மாசம் தமிழுக்கும் ஊருக்கும் பழகுன மாதிரியும் ஆச்சு. பெரிய கிளாஸ், மாத்த முடியாதுன்னா ஜூலையில வாங்க, சூடு இருக்கத்தான் செய்யும் ஆனா கத்திரி போயிருக்கும், ஆடிக் காத்தும் அடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில மட்டும் சாமான் வந்து எறங்குற மாதிரி வச்சுக்காதீங்க. நம்ம பக்கம் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும்தான், அட்டைப் பெட்டியெல்லாம் லாரியில இருந்து வீட்டுக்குள்ள போறதுக்குள்ள ஊறிப்போயிரும்.

ஜனவரியில கெளம்புறதுல அங்கயும் ஒரு லாபம் இருக்கு. ஸ்னோ ப்ளோயர், விண்டர் டயர், கனத்த பூட்ஸ் இதெல்லாம் அக்டோபர், நவம்பர்ல விக்கப் போட்டீங்கன்னா நல்ல வெலைக்குப் போகும், மார்ச்சுல போட்டா எவரும் சீந்த மாட்டாக. வீட்டை விக்காம பூட்டிப் போட்டுட்டு வர்றவுக தண்ணி லைனை மெயின்ல அடைச்சு, பைப்புல நிக்கிற தண்ணியைப் பூராம் வடிச்சு விட்டுட்டு, ஹீட்டரைக் கொறைச்சு ஓட விட்டுட்டு வரணும், இல்லாட்டி பைப்பு ஒறஞ்சு வெடிச்சு வீடே நாசமாப் போயிரும். யாராவது ஒருத்தரு அப்பப்ப போயிப் பாத்துட்டு வர்ற மாதிரி ஏற்பாடு வேணும், இன்சூரன்ஸ்காரவுக அதைக் கேப்பாக.

சாமான்ல எதைக் கொண்டு வர்றது எதை விடுறதுங்கிறது பெரிய தலைவலி. அங்க கரண்ட் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால மோட்டார் வச்சது, சூடு பண்றது, மிக்சி, ஓவன், வாக்வம் கிளீனர் இதெல்லாம் அங்கயே கொடுத்துட்டு வந்துருங்க. சார்ஜர்ல பொடி எழுத்துல இன்புட் 100-240ன்னு போட்டிருந்தா அது இங்கயும் ஓடும், பிளக்கு மட்டும் மாத்துனாப் போதும். பார்ட்டிக்கிள் போர்டுல செஞ்ச கட்டில், பீரோவைத் தூக்கிட்டு வராதீங்க. ஹீட்டர் ஓடி ஓடி காத்து வறண்டு கெடந்த வீட்ல இருந்த பலகை, நம்ம ஊரு கார்த்திகை ஈரத்துல ஊதிரும், மிச்சத்தைக் கரையான் பாத்துக்கிரும். அந்தக் காசுக்கு முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல ஏறி எறங்குனா நல்ல தேக்குலயே கெடைக்கும், பொறுமையாத் தேடணும், வெலை பேசவும் தெரியணும், கூட ஒரு அத்தையையோ சித்தப்பாவையோ கூட்டிட்டுப் போங்க. கப்பல்ல வர்ற கன்டெய்னருக்குள்ள வாரக்கணக்கா சூடு ஏறும், மெழுகுவர்த்தி, க்ரீம், மாத்திரை மருந்து எதையும் அதுல போடாதீங்க. மருந்தெல்லாம் கைப்பையில, டாக்டர் சீட்டோட. இன்சுலின் போடுறவுக வீட்டுக்கு வந்த மொத நாளே ஃப்ரிட்ஜ் ஓடணும், அதை முன்கூட்டியே ஆளு வச்சு வாங்கிப் போட்டுருங்க.

ஜாக்கெட்டு ஆளுக்கு ஒண்ணு போதும். நல்லாத் தொவைச்சு, ஈரம் சொட்டுக்கூட இல்லாமக் காயவச்சு, இறுக்கமா மூடுற டப்பாவுல வசம்பும் காஞ்ச வேப்பிலையும் போட்டு வைங்க, வருஷத்துக்கு ஒருக்கா சித்திரையில எடுத்து நெழல்ல காத்தாட விட்டு மறுபடி வைங்க. லெதர் ஜாக்கெட்டு ஒரே மழைக் காலத்துல பூஞ்சை புடிச்சிரும், அதை அங்கயே கொடுத்துட்டு வர்றது நல்லது. உடுத்துறதுக்கு இங்க வந்து வாங்குங்க, பருத்தியைத் தவிர வேற எதுவும் மே மாசத்துல உடம்புல நிக்காது. நம்ம கண்டாங்கிச் சேலைய அதுக்காகத்தான் அந்தக் காலத்துல இருந்து கட்டிக்கிட்டு இருக்காக.

இப்ப வீட்டுக்கு வர்றேன். இதுல அவசரப்படவே கூடாது. வாடகைக்குப் பாக்கப் போறப்ப காலையில போகாதீங்க, காலையில எல்லா வீடும் குளுகுளுன்னுதான் இருக்கும். சாயங்காலம் நாலரை அஞ்சுக்குப் போங்க. மேற்குப் பக்கத்துச் சுவத்துல உள்பக்கமா உள்ளங்கையை வச்சுப் பாருங்க, அது சுட்டா ராத்திரி பத்து மணி வரைக்கும் அந்த ரூம் கனகனன்னுதான் இருக்கும். அப்பறம் மேல தளத்துக்கு நேர்கீழ கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, உச்சந்தலையில சூடு எறங்குறது தெரியும். புது வீடுகள்ல கண்ணாடியைப் பெருசு பெருசா மேற்குப் பாத்து வச்சிருக்காக, பாக்க நல்லாருக்கு, கனடாவுல இருந்து வர்றவுகளுக்கு வெளிச்சத்தைப் பாத்த உடனே மனசு போயிரும், அங்க டிசம்பர்ல பகலே எட்டு மணி நேரம்தான, வெயிலுக்கு ஏங்கிக் கெடந்தவுக. ஆனா இங்க வெயிலை வீட்டுக்குள்ள விடக் கூடாது. மேல் மாடி வீட்டைத் தவிருங்க, வேற வழி இல்லாம அதுதான் கெடைச்சதுன்னா வீட்டுக்காரருகிட்டக் கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் பெயிண்டோ சுண்ணாம்போ அடிச்சிருங்க, செலவு கம்மி, வித்தியாசம் அன்னைக்கு ராத்திரியே தெரியும். தளத்துக்கு மேல கீத்துப் பந்தல் போட முடிஞ்சா இன்னும் நல்லது.

சொந்தத்துல பழைய வீடு, பங்கு இருக்குன்னா அதைப் பத்திக் கொஞ்சம் யோசிங்க. நம்ம செட்டிநாட்டு வீடுக யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல 2014-ல இருந்து இருக்கு, அழகுக்கு எல்லாரும் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாக, ஆனா அந்த வீடு வெயிலுக்காகவே யோசிச்சுக் கட்டுனது. ஒரு தெருவுல இருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளமா இருக்கும், முகப்பு வாசல்ல நின்னு பாத்தா வளவு (நடுவுல வானம் தெரியுற முத்தம்), ரெண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரைக்கும் கதவுக ஒரே நேர்கோட்டுல நிக்கும், காத்து நொழஞ்சு போறதுக்கான வழி அது. சுவரு தடியா இருக்குறதால பகல் சூடு உள்ள வந்து சேரவே நேரமாகும். சூடான காத்து வளவு வழியா மேல போயிரும், சுத்தி இருக்குற தாவாரம் வெயிலை அறைக்குள்ள விடாது. நாலு மணிக்கு வளவுக் கல்லுத் தரையில ரெண்டு வாளித் தண்ணிய வீசி ஊத்திட்டு முகப்பையும் பின்வாசலையும் தொறந்து விட்டா, அர மணி நேரத்துல பத்திக்குள்ள, அதான் வளவை ஒட்டுன கூடத்துக்குள்ள, காத்து குளுந்து வரும். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரையில மத்தியானம் வெறும் துண்டை விரிச்சுப் படுத்தாலே தூக்கம் வரும். அப்படி ஒரு வீட்ல ஒரு பக்கம் இருக்க வாய்ப்பு இருந்தா, பராமரிப்பு கஷ்டம், பங்காளிகளோட பேச்சுவார்த்தை எல்லாம் இருந்தாலும், ஒரு வருஷமாவது இருந்து பாருங்கன்னுதான் சொல்லுவேன். ஓடு மாத்துறது, வளவு மழைத்தண்ணிக் குழாய்ல அடைப்பு எடுக்குறது இதெல்லாம் ஆவணிக்குள்ள முடிச்சிரணும்.

ஏசி வேணும்தான், வேணாம்னு சொல்லலை. படுக்குற ரூம் ஒண்ணுக்குப் போதும், உசரமான மச்சு இருக்குற பெரிய பத்தியில போட்டா கரண்டுதான் போகும். 18-ல வைக்காதீங்க, 26-ல வச்சுக் கூட ஃபேனை ஓட விடுங்க, அப்பத்தான் உடம்பு வெயிலுக்குப் பழகும். கரண்டுக் கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, மொத 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டுனா ரேட்டு ஒரேடியா ஏறிரும், அதை மனசுல வச்சுக்கிருங்க. மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் பகல் பூரா கரண்டு இருக்காது, ஃபேனுக்காவது இன்வெர்ட்டர் வேணும். சொந்த வீடுன்னா மொட்டை மாடியில சோலார் போடுங்க, மத்திய அரசுத் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூவா வரைக்கும் மானியம் இருக்கு, வெயிலுக்குத்தான் இங்க பஞ்சமே இல்லையே.

அடுத்து நேரம். அங்க குளிர் காலத்துல வெளிய போகணும்னா உச்சி வெயில் நேரமாப் பாத்துத்தான் போவோம், இங்க அதை அப்படியே திருப்பிப் போடணும். அஞ்சு, அஞ்சரைக்கு எந்திரிச்சிருங்க, பேங்க் வேலை, ஆபீஸ் வேலை எல்லாத்தையும் பதினோரு மணிக்குள்ள முடிச்சிருங்க, பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் வீடு, சாப்பாடு, ஒரு தூக்கம். மத்தியானத் தூக்கத்தைச் சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க, விடியக்காலம் எந்திரிக்கிற ஊருக்கு அது வேணும். பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம், அங்க ஜூன்ல ராத்திரி ஒம்போதரைக்கும் வெளிச்சம் இருக்கும், வெளையாடிக்கிட்டே இருப்பாக, இங்க வருஷம் பூரா ஆறு, ஆறே முக்காலுக்குள்ள பொழுது சாஞ்சிரும், அதனால அஞ்சு மணிக்கு வெளிய விடலைன்னா அன்னைக்கு வெளையாட்டே இல்லாமப் போயிரும். கோயிலுக்குப் போறதும் காலையிலயே வச்சுக்கிருங்க. பிள்ளையார்பட்டியோ குன்றக்குடியோ, செருப்பைக் கழட்டிட்டு மத்தியானம் கல்லுத் தரையில பிள்ளைகளை நடக்க விட்டா உள்ளங்கால் கொப்புளிச்சிரும், அதுக காலு பூட்ஸ்குள்ளயே வளந்த காலு.

உடம்பு பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும், வயசானவுகளுக்கு இன்னும் கூட. அது வரைக்கும் வேர்வை சீக்கிரம் வராது, வந்தா உப்பு நெறையப் போகும். தெனம் காலையில கால் மணி நேரம் வெளிய நடங்க, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்க, ஒரேடியா வெயில்ல அலையாதீங்க. தாகம் எடுக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காம தண்ணி குடிங்க. காலையில நீராகாரம், பதினொரு மணிக்கு மோர்ல உப்புப் போட்டு, சாயங்காலம் எளநி, சீசன்ல நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு. அப்பத்தாமாரு வீட்ல இருந்தா இதையெல்லாம் சொல்லவே வேண்டாம், அவுகளே கொண்டாந்து கையில கொடுத்துருவாக. ஒரு மண்பானை வாங்கிக்கிருங்க, மானாமதுரைப் பானை நல்லாருக்கும், ஒரு நாள் பூரா தண்ணி ஊத்தி ஊறவச்சுக் கொட்டிட்டு அப்பறமாப் பொழங்குங்க, ஈரத்துணியைச் சுத்தி காத்து படுற எடத்துல வைங்க. பிரஷர் மாத்திரை, தண்ணி பிரியுற மாத்திரை, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்புடுறவுக வர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட இந்த ஊருக்குப் போறோம்னு சொல்லி அளவைக் கேட்டுக்கிருங்க, அதுல சிலது வெயில்ல உடம்பை வேற மாதிரி படுத்தும்.

வேர்க்குரு, கொசு, மழை விட்டதும் செருப்புக்குள்ள வந்து ஒளியுற தேளு, இதெல்லாம் ஒரு மாசத்துல பழகிரும், செருப்பை ஒதறிப் போடுற பழக்கம் மட்டும் பிள்ளைகளுக்கு மொத நாளே சொல்லிக் கொடுத்துருங்க. நாய் வளக்குறவுக திருச்சியில எறங்கலாம்னு டிக்கெட் போட்டுறாதீங்க, செல்லப்பிராணிய அனுமதிக்கிற ஏர்போர்ட் நம்ம மாநிலத்துல சென்னைதான், அதுக்கு முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கணும். ஹஸ்கி மாதிரி ரெட்டை முடி நாயைக் கொண்டாந்து மொட்டை அடிக்காதீங்க, அந்த முடிதான் அதோட தோலை வெயில்ல காப்பாத்துது, உண்மையைச் சொன்னா அந்த மாதிரி நாயை அங்கயே நல்ல வீட்ல விட்டுட்டு வர்றதுதான் அதுக்குச் செய்யுற நல்லது.

கடைசியா ஒண்ணை மட்டும் வீட்ல எல்லாருக்கும், வேலை பாக்க வர்ற அக்காவுக்கும் சேத்துச் சொல்லி வச்சிருங்க. தலைவலி, கிறுகிறுப்பு, கால் சுண்டி இழுக்குறது வந்தா உடனே நெழலுக்கு வந்து, உப்புச் சர்க்கரைத் தண்ணி குடிக்கணும், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆனா ஒருத்தரு வெயில்ல இருந்து வந்து ஒடம்பு கொதிச்சு, பேச்சு கொழறி, ஆளு அடையாளம் தெரியாமப் பேசுனா அது வேற, அது உசுருக்கு ஆபத்து. வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108-க்குப் போன் பண்ணிட்டு அவுக வர்ற வரைக்கும் சட்டையைத் தளத்தி, மேல பூராம் தண்ணிய ஊத்தி ஃபேனைப் போட்டு, கழுத்து, கக்கம், தொடையிடுக்குல ஐஸை ஈரத்துணியில சுத்தி வச்சுக்கிட்டே இருங்க.